வாதாடாத ஆலோசகரை ஆன்லைனில் கண்டுகொள்வது எப்படி?

குடி உடம்பைக் கெடுக்கும் என்று தெரியாமல் குடிப்பவர் இல்லை. பாட்டிலிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. டாக்டர் சொல்லியாயிற்று, மனைவி அழுதாயிற்று, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியாயிற்று, கோயிலில் கயிறும் கட்டியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் பழக்கம் தொடர்கிறதென்றால், அவருக்கு இன்னொரு புத்திமதி எந்த வகையில் உதவும்? இந்தக் கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஓர் ஆலோசனை முறை மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், சுருக்கமாக எம்.ஐ. இன்று ஆன்லைன் கவுன்சலிங் தளங்களில் பல ஆலோசகர்கள் தங்கள் பெயருக்குக் கீழே இந்த முறையையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எம்.ஐ. தெரிந்தவரா என்பது அவர் பேசும் விதத்தில், அதைவிட அவர் காதுகொடுக்கும் விதத்தில்தான் தெரியும். அதைக் கண்டுபிடிப்பது நாம் நினைப்பதைவிட எளிது.

இரண்டு மனத்தோடு வருபவருக்கான முறை

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பேசும் முறை பற்றி 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். எம்.ஐ.யின் தொடக்கம் அதுதான். ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை முழுப் புத்தகமாக்கினார். 2023இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. இதற்கிடையில் புகை, சர்க்கரை நோய்க்கான உணவுக் கட்டுப்பாடு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது என்று பல இடங்களுக்கு இந்த முறை பரவிவிட்டது. அதன் அடிப்படை ஒரு சாதாரண மனித இயல்பு. பழக்கத்தை விட வேண்டும் என்று ஒரு மனமும், விட்டால் நாளைக் கடத்த முடியாது என்று இன்னொரு மனமும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. எதிரே இருப்பவர் ‘விட்டுவிடு’ என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு பேசினால், இவர் மிச்சமிருக்கும் பக்கத்தை எடுத்துக்கொள்கிறார். ‘அளவாத்தான் சார் குடிக்கிறேன்’, ‘எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சார்’ என்ற பதில்கள் அப்படித்தான் பிறக்கின்றன. தன் வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதையே மனம் நம்பத் தொடங்கும். ஆகவே மாற்றத்துக்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வரும்படி பேச்சை நடத்துவதுதான் ஆலோசகரின் வேலை என்கிறது எம்.ஐ.

இதில் தந்திரம் ஏதுமில்லை. ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பது. வந்தவரிடம் உண்மையிலேயே இருக்கும் பலத்தை எடுத்துச் சொல்வது. அவர் சொன்னதன் உட்பொருளைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. அவ்வப்போது தொகுத்துக் கொடுப்பது. இந்த நான்கும்தான் அன்றாடக் கருவிகள். அறிவுரைக்குத் தடையும் இல்லை. ‘இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டு, சுருக்கமாகச் சொல்லி, ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று முடிவை அவரிடமே விட வேண்டும். கேட்கும்போது சுலபமாகத் தோன்றும் இந்த வேலை, செய்யும்போது கடினம். யாராவது தவறு செய்வதைக் கண்டதும் திருத்தத் துடிப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை அடக்கத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்?

ஆலோசகரின் அடிப்படைத் தகுதியை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் ‘கவுன்சலர்’ என்று போர்டு வைத்துக்கொள்வது சுலபம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஆனால் இந்தப் பதிவுகள் ஒருவரின் படிப்பைத்தான் உறுதி செய்கின்றன, எம்.ஐ. திறமையை உறுதி செய்வதில்லை. எம்.ஐ. பயிற்சியாளர்களின் சர்வதேச அமைப்பான மின்ட் 1997இல் தொடங்கப்பட்டது. அதுகூடப் பயிற்சி தருபவர்களை உருவாக்குகிறதே தவிர, ஆலோசகர்களுக்கு எம்.ஐ. உரிமம் எதுவும் வழங்குவதில்லை. எனவே ‘சர்வதேசச் சான்று பெற்ற எம்.ஐ. தெரபிஸ்ட்’ என்று விளம்பரம் வந்தால், சான்று கொடுத்தது யார், எதைச் சோதித்துக் கொடுத்தார்கள் என்று விசாரிப்பது நல்லது.

இந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் எம்.ஐ. ஆய்வுகளுக்குள்ளேயே இருக்கிறது. எம்.ஐ. பயிலரங்கில் கலந்துகொண்ட ஆலோசகர்களைப் பற்றி மில்லரும் ஒரு சக ஆய்வாளரும் 2001இல் எழுதினார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டோம் என்று ஆலோசகர்கள் படிவத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களது அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டபோது மாற்றம் சிறிதாகவே இருந்தது. 2004இல் வெளியான இன்னொரு ஆய்வில், பயிலரங்கோடு நின்றுவிட்டவர்களின் திறமை சில மாதங்களில் தேயத் தொடங்கியது. தங்கள் அமர்வுப் பதிவின் மேல் கருத்தும் தொடர் வழிகாட்டலும் பெற்றவர்களிடம் அது நிலைத்து நின்றது. பாட்டுக் கற்பவர் குருவின் காது இல்லாமல் தன் சுருதி விலகலைத் தானே கண்டுபிடிக்க முடியாது, இதுவும் அப்படித்தான். எனவே ஆன்லைன் ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எம்.ஐ. பயிற்சிக்குப் பிறகு உங்கள் அமர்வுகளை யாராவது கேட்டு மதிப்பிட்டிருக்கிறார்களா?’ என்பதே. அனுபவமுள்ளவருக்கு இந்தக் கேள்வி புரியும், பெரும்பாலும் பிடிக்கவும் செய்யும்.

கோவாவில் நடந்த ஓர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. எம்.ஐ.யை அடிப்படையாகக் கொண்ட அதிகபட்சம் நான்கு அமர்வுகள். நடத்தியவர்கள் மனநலத் துறையில் தொழில்முறைக் கல்வி இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அபாயமான குடியிலிருந்து வெளிவந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். அந்த ஆலோசகர்களின் அமர்வுகள் பதிவு செய்யப்பட்டு, சக ஆலோசகர்களும் நிபுணர்களும் கேட்டுத் திருத்தும் ஏற்பாடு அந்தத் திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பட்டம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. யாரும் கேட்டுத் திருத்தாத பட்டதாரியைவிட, கேட்டுத் திருத்தப்பட்ட சாதாரண ஆலோசகர் இந்த ஒரு வேலையை நன்றாகச் செய்யக்கூடும் என்றே பொருள்.

முதல் அமர்வில் கவனிக்க வேண்டியவை

‘உளவியல் படிக்காத நான் ஒரு நிபுணரை எப்படி எடைபோடுவது?’ என்று கேட்கலாம். நியாயமான தயக்கம். ஆனால் எம்.ஐ. அமர்வின் தரத்தை அளக்க ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோலே ஒலிப்பதிவைக் கேட்டு எண்ணக்கூடிய விஷயங்களைக் கொண்டதுதான். ஆலோசகர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை வந்தவர் சொன்னதைப் புரிந்து திருப்பிச் சொன்னார் என்று அதில் கணக்கெடுக்கிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு முறையாவது திருப்பிச் சொல்லல் இருந்தால் நல்ல தரம். கேள்வி மேல் கேள்வியாக வந்தால் அது விசாரணை. இதைப் பொதுவாசகர் எண்ண வேண்டியதில்லை. அமர்வு முடிந்ததும், அதிக நேரம் பேசியது யார், மாற வேண்டிய காரணங்களைச் சொன்னது யார் என்று இரண்டை மட்டும் யோசித்துப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் ‘ஆலோசகர்’ என்பது பதிலானால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது எம்.ஐ. இல்லை.

வேறுபாட்டை ஒரு சிறு உதாரணத்தில் பார்க்கலாம். ஒருவர் சொல்கிறார்: ‘வேலை முடிஞ்சு வந்தா உடம்பெல்லாம் வலி. கொஞ்சம் போட்டாத்தான் தூக்கம் வருது. மாலை போட்டா தொடமாட்டேன். அப்புறம் பழையபடி ஆயிடுது. காலையில பொண்ணு மூஞ்சியைப் பார்க்கத்தான் சங்கடமா இருக்கு.’ ஓர் ஆலோசகர், ‘வலிக்கு மாத்திரை இருக்கே, லிவர் போயிடும்னு தெரியாதா?’ என்பார். உடனே பேச்சு மாத்திரையின் பக்கவிளைவு பற்றிய வாதமாகிவிடும். எம்.ஐ. தெரிந்தவர், ‘தூங்குறதுக்கு அது உதவுது. ஆனா பொண்ணு உங்களை எப்படிப் பார்க்கணும்னு உங்களுக்கு ஒரு ஆசை இருக்கு, அதுக்கு இது இடைஞ்சலா நிக்குது’ என்பார். பிறகு, ‘மாலை போட்ட நாளெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?’ என்று கேட்பார். முதலாமவர் குறையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாமவர் அந்த நாலு வரிக்குள் இருந்த ஆசையையும், ஏற்கெனவே நிரூபணமான திறனையும் எடுத்துக்கொண்டார். ‘நான் நிறுத்த விரும்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பதும் பயன் தரும். ‘நிறுத்த வைப்பது என் பொறுப்பு’, ‘நூறு சதவீதம் குணமாக்குவோம்’ என்பவை விலகிச் செல்ல வேண்டிய பதில்கள். ‘முடிவு உங்களுடையது. உங்களுக்கு எது முக்கியம் என்று சேர்ந்து பார்க்கலாம்’ என்பது நம்பிக்கை தரும் பதில்.

கண்டித்தால்தானே திருந்துவார்?

குடும்பங்களின் பெரிய ஆட்சேபம் இதுதான். வீட்டுப் பணம் கரைகிறது, அடி விழுகிறது, இந்த நேரத்தில் ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது’ என்று கேட்டுக்கொண்டிருப்பது செல்லம் கொடுப்பதாகாதா? பெரியவர் சொல்லைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில், நேரடி அறிவுரையைத்தானே மக்கள் எதிர்பார்க்கிறார்கள்? கோபத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. அடிபடுகிறவரின் பாதுகாப்பு ஆலோசனைக்காகக் காத்திருக்கவும் கூடாது, அதற்கான உதவியைத் தனியே உடனே தேட வேண்டும். ஆனால் கண்டிப்பு குடியைக் குறைக்கிறதா என்பது வேறு கேள்வி. அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மில்லரின் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மோதலாகப் பேசினாரோ அந்த அளவுக்கு, ஓராண்டு கழித்து, ஆலோசனை பெற்றவரின் குடி அதிகமாக இருந்தது. மென்மையும் இங்கே இலக்கில்லாமல் அலைவதில்லை. எதைப் பற்றிப் பேசுவது என்று குவித்து, மாற்றத்தை நோக்கிய சொற்களைத் தேர்ந்து பிடித்து, தயாரானதும் திட்டம் போட வைக்கும் பேச்சு அது. அறிவுரை எதிர்பார்த்து வருபவருக்கு, அனுமதியோடு தரும் தகவல் இருக்கவே இருக்கிறது.

திரையில் தெரிவதும் தெரியாததும்

ஆன்லைனில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகத்துக்குப் பாதி பதில் மேலே வந்துவிட்டது. அமர்வின் தரத்தை நிபுணர்களே ஒலிப்பதிவிலிருந்து மதிப்பிடும்போது, முறையின் சாரம் குரலில் கடந்துவரும் என்பது தெளிவு. ஊரில் தெரிந்த முகங்கள் பார்த்துவிடும் என்ற பயத்தால் மறுவாழ்வு மையத்தின் படியேறாதவர்களுக்கு, வீடியோ கால்தான் சாத்தியமான முதல் படி. ஆனால் மூச்சில் வீசும் வாடையும், கண்ணின் மஞ்சளும், விரல் நடுக்கமும் திரையில் சரியாகத் தெரியாது. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நல்ல ஆன்லைன் ஆலோசகர் முதல் உரையாடலிலேயே குடியின் அளவு, காலையில் கை நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததா என்று கேட்டு, தேவைப்பட்டால் முதலில் டாக்டரிடம் அனுப்புவார். தற்கொலை எண்ணம் இருப்பவருக்கும் இந்த முறை மட்டும் போதாது; அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446.

ரகசியம் அடுத்த விஷயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பை உரிமையாகத் தருகிறது; ஆனால் இரண்டு அறை வீட்டில் சுவரின் மெல்லிய தன்மைக்குச் சட்டம் பொறுப்பேற்காது. பக்கத்தில் மனைவியோ அம்மாவோ உட்கார்ந்திருந்தால், வந்தவர் அவர்களுக்குப் பிடித்ததைத்தான் பேசுவார். தனியிடம், இயர்போன், பக்கத்தில் யாருமில்லை என்ற உறுதி ஆகியவை அடிப்படைத் தேவைகள். ஆலோசகரும் தொடக்கத்திலேயே ‘தனியாக இருக்கிறீர்களா?’ என்று கேட்பவராக இருக்க வேண்டும். அமர்வு பதிவாகிறதா, பதிவானால் யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் வந்தவரின் உரிமை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

எம்.ஐ. ஒரு மாயமருந்து என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். போதைப் பழக்கம் குறித்த 59 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரன் அமைப்பு 2011இல் வெளியிட்ட மதிப்பீடு, சிகிச்சையே இல்லாமல் இருப்பதைவிட இது நல்லது, மற்ற முறையான சிகிச்சைகளைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தது. புகையை நிறுத்துவது பற்றிய 2019ஆம் ஆண்டு மதிப்பீடு, உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. அப்படியானால் எதற்கு இவ்வளவு தேடல் என்று கேட்கலாம். இதன் சிக்கனம் ஒரு காரணம். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்து 1997இல் முடிவுகள் வெளியான புராஜெக்ட் மேட்ச் ஆய்வில், எம்.ஐ. வழியில் அமைந்த நான்கு அமர்வுகளின் பலன், 12 அமர்வு கொண்ட மற்ற இரண்டு சிகிச்சைகளின் பலனுக்குப் பெரும்பாலும் ஈடாக இருந்தது. கையிலிருந்து காசு கொடுத்து ஆன்லைன் அமர்வு பெறுபவருக்கு இது முக்கியமான கணக்கு. தொடக்கத்திலேயே நீண்ட பேக்கேஜுக்கு முன்பணம் கேட்பவரிடம் காரணம் கேட்கலாம். ஆலோசகருக்கு ஆலோசகர் பலன் மாறுவது இன்னொரு காரணம். சராசரிக்குள் நல்லவரும் சுமாரானவரும் கலந்திருக்கிறார்கள். தேடுபவரின் கையில் இருப்பது முறையின் சராசரியை உயர்த்துவதல்ல, அதற்குள் நல்லவரைத் தேர்ந்தெடுப்பதே.

இரண்டு அமர்வுகள் ஒரு நியாயமான அவகாசம். அதற்குள் தான் மதிக்கப்பட்டதாக வந்தவர் உணர வேண்டும். தன் வாயிலிருந்தே புதிதாக ஏதோ ஒரு காரணமாவது வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையென்றால் ஆலோசகரை மாற்றலாம். அதை வந்தவரின் தோல்வியாகவோ, ‘கவுன்சலிங் எனக்குச் சரிவராது’ என்பதற்கான சாட்சியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவு தன்னுடையது என்பது எம்.ஐ.யின் முதல் விதி. ஆலோசகர் யார் என்ற முடிவுக்கும் அந்த விதி பொருந்தும்.