கைக்கேத்த கிடார்

2024 மே விடுமுறையில் டோக்கியோ போயிருந்தோம். பேஸ் கிடார் பழகும் என் மகள், "ஒச்சானோமிசு போகணும்மா" என்று ஒரே பிடிவாதம். ரயிலை விட்டு இறங்கினால், நம்ம ஊர் பாத்திரக்கடைத் தெரு மாதிரி வரிசையாக கிடார் கடைகள்!

அவளுக்குச் சின்னக் கை. வழக்கமான பேஸில் கம்பி நீளம் 34 அங்குலம். விரல் எட்டாமல் வலிக்குதுன்னு வகுப்பையே நிறுத்தப் பார்த்தாள். கடைக்காரர் அவள் கையைக் கவனித்து, 30 அங்குலத்தில் ஒன்றைக் கொடுத்து, உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். விரல் தானா ஓடிச்சு! பாஸ்போர்ட்டைக் காட்டியதும் 10 சதவீத வரியைத் தள்ளிட்டாங்க. அந்தப் பணம் கெட்டியான பெட்டிக்கு ஆச்சு.

விமானத்தில் ஏற்றுமுன் நாலு கம்பியையும் சற்றுத் தளர்த்தி, கிடாரின் கழுத்துக்கு அடியில் துணி வைத்தோம். பத்திரமா வந்துடுச்சு. மாமியார் தூக்கம்தான் போச்சு!