பறவைக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

கூண்டுக்குள் பறவை இருக்க, வெளியே நின்று மனிதன் பார்ப்பது பழைய வழக்கம். பெரிய வலைக்கூரை ஒன்றின் கீழே பறவைகளும் மனிதர்களும் சேர்ந்து உலவுவது புதிய வழக்கம். இத்தகைய அமைப்பை 'நடந்து காணும் பறவையகம்' எனலாம். இங்கே கம்பி நம் கண்ணுக்கு முன்னால் இல்லை, தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிறது. பறவை நம் தோளை உரசுவது போல் பறந்து போகிறது.

இதைப் பார்த்து மகிழ்வது எளிது. ஆனால் அறிவியல் மாணவர் அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூண்டை எவ்வளவு பெரிதாக்கினால் அது கூண்டு என்ற தன்மையை இழக்கும்? இக்கேள்விக்கு இரக்கத்தைக் கொண்டு மட்டும் விடை காண முடியாது. விடையின் பெரும்பகுதி இயற்பியலில் இருக்கிறது.

சென்னையும் சிங்கப்பூரும்

திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குச் செல்பவர்கள் மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் இறங்குகிறார்கள். அந்நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க் பகுதியில்தான் சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலை இருந்தது. 1855இல் எட்வர்டு பால்ஃபர் என்பவரின் முயற்சியால் தொடங்கப்பட்ட சாலை அது. இடம் போதாமல் அது வண்டலூருக்கு மாற்றப்பட்டு, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பல நூறு ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்காவில் மக்கள் உள்ளே நடந்து செல்லும் பறவையகமும் பின்னர் அமைக்கப்பட்டது.

வெப்பமண்டல நகரங்களில் இவ்வகைப் பறவையகத்துக்குப் பெயர் பெற்றது சிங்கப்பூர். 1971 ஜனவரி 3ஆம் நாள் திறக்கப்பட்ட ஜூரோங் பறவைப் பூங்காவுக்குச் சென்று வந்த தமிழர்கள் பலர். அந்நாட்டின் அமைச்சராயிருந்த கோ கெங் சுவீ, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் கண்ட பறவையகத்தால் கவரப்பட்டு, அதைப் போன்ற ஒன்று தம் நாட்டிலும் வேண்டும் என்று விரும்பினார். ஜூரோங்கில் அருவிப் பறவையகம் என்ற ஒரு பகுதி மட்டுமே 2 ஹெக்டேர் பரப்புடையது. அதற்குள் 30 மீட்டர் உயரத்திலிருந்து செயற்கை அருவி ஒன்று விழுந்தது. இப்பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பறவைகள் மண்டாய் என்னுமிடத்தில் அதே ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட புதிய பூங்காவுக்கு மாற்றப்பட்டன. அங்கும் நடந்து காணும் பெரிய பறவையகங்களே முதன்மையானவை.

2 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 140 மீட்டர் நீளமும் 140 மீட்டர் அகலமும் உள்ள சதுரம். இவ்வளவு இடம் எதற்கு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

சிட்டும் கூழைக்கடாவும்

ஒரு பறவை காற்றில் நிற்க வேண்டுமானால், அதன் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையைச் சிறகுகள் தர வேண்டும். இவ்விசை சிறகின் பரப்பையும், பறக்கும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது.

இப்போது ஒரு பறவையை எல்லாத் திசைகளிலும் இரு மடங்கு பெரிதாக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். சிறகின் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். சிறகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைப்போல் இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதற்கு வேகம் கூடியாக வேண்டும். ஆகவே பெரிய பறவை வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும். வேகம் எடையின் ஆறாம் மூலத்துக்கு நேர்விகிதத்தில் உயரும் என்பது இதிலிருந்து கிடைக்கும் விதி.

சிட்டுக்குருவியின் எடை 25 கிராம் என்றும், அது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நிதானமாகப் பறக்கிறது என்றும் கொள்வோம். கூழைக்கடாவின் எடை 5 கிலோகிராம் என்க. எடை 200 மடங்கு. 200இன் ஆறாம் மூலம் ஏறத்தாழ 2.4. ஆகவே கூழைக்கடாவுக்கு நொடிக்கு 12 மீட்டர் வேகம் தேவை.

அடுத்தது திருப்பம். பறவை திரும்பும்போது உடலைச் சாய்க்கிறது. சாய்ந்த சிறகின் விசையில் ஒரு பகுதி மையநோக்கு விசையாகப் பயன்படுகிறது. வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் சாய்வதும் இதே காரணத்தால்தான். 45 பாகை சாய்ந்து திரும்பினால், திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்துக் கிடைப்பதாகும். ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால்:

சிட்டுக்குருவி: 25 ÷ 10 = 2.5 மீட்டர் ஆரம், அதாவது 5 மீட்டர் விட்டமுள்ள வட்டம்.

கூழைக்கடா: 144 ÷ 10 = 14.4 மீட்டர் ஆரம், அதாவது ஏறத்தாழ 29 மீட்டர் விட்டமுள்ள வட்டம்.

130 கிராம் எடையுள்ள பச்சைக்கிளிக்கு இதே முறையில் கணக்கிட்டால் வட்டத்தின் விட்டம் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அரை மீட்டர் அகலமுள்ள கூண்டை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கிளி பறப்பதே இல்லை, ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவுகிறது, அவ்வளவுதான். கிளி இதைவிடக் குறுகிய இடத்திலும் திரும்பக் கூடும். ஆனால் வேகத்தைக் குறைத்துச் சிறகை விரைவாக அடித்து, மிகுந்த ஆற்றலைச் செலவிட்டே அதைச் செய்ய முடியும். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் கணக்கு தோராயமானதே. எல்லாப் பறவைகளும் ஒரே வடிவத்தின் சிறிய, பெரிய படிகள் அல்ல. எனினும் அது சொல்லும் முடிவு தெளிவானது. சிறு பறவைக்குப் பெரிய அறை ஒன்று போதலாம். பெரிய பறவைக்கு ஒரு மைதானமே வேண்டும்.

அந்த மைதானத்துக்கு வலைக்கூரை போடச் செலவு மிகுதி. எனவே பல காட்சி சாலைகளில் பெரிய பறவைகளைக் கூரையில்லாத குளத்தில் விட்டு, ஒரு பக்கத்துச் சிறகின் இறகுகளைக் கத்தரித்து விடுவார்கள். இரு பக்கமும் சமமாக விசை கிடைக்காததால் பறவை எழும்ப முடியாது. கத்தரித்த இறகு மீண்டும் முளைக்கும். சில இடங்களில் சிறகின் நுனி எலும்பையே நீக்கிவிடுவதும் உண்டு, அது மீளாது. ஆகவே மேலே திறந்த வானம் இருப்பதைக் கொண்டே அங்குள்ள பூநாரை சுதந்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. வலைக்கடியில் பறக்கும் பறவை, திறந்த வானத்தின் கீழ் பறக்க முடியாமல் நிற்கும் பறவையைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

வலையின் கணக்கு

இவ்வளவு பெரிய வலையை எப்படித் தாங்குகிறார்கள்? உயரமான தூண்களை நட்டு, அவற்றுக்கிடையே எஃகுக் கம்பி வடங்களைக் கட்டி, அவற்றின் மேல் வலையை விரிக்கிறார்கள். வடங்கள் ஒருபோதும் நேராக இருப்பதில்லை, தொய்ந்தே இருக்கும். அது கட்டியவரின் கவனக்குறைவு அன்று.

தூண்களின் இடைவெளி 40 மீட்டர் என்றும், வடமும் வலையும் சேர்ந்து மீட்டருக்கு 20 நியூட்டன் எடை என்றும் கொள்க. மீட்டர் எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தொய்வின் 8 மடங்கால் வகுத்தால் வடத்தின் கிடை இழுவிசை கிடைக்கும். தொய்வு 4 மீட்டரானால் இழுவிசை 1,000 நியூட்டன். தொய்வை 1 மீட்டராகக் குறைத்தால் 4,000 நியூட்டன். தொய்வே கூடாது என்றால் அளவற்ற இழுவிசை வேண்டும்! துணி உலர்த்தும் கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரத்துணி போட்டவுடன் தொய்வதும் இதனால்தான்.

வலைக்கு உண்மையான எதிரி காற்று. நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 540 நியூட்டன் அளவில் இருக்கும். அது 55 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். 2016 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயல் வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் அறிவோம்.

நல்ல வேளையாக வலையில் பெரும்பகுதி ஓட்டையே. 2 மில்லிமீட்டர் பருமனுள்ள இழையை 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பின்னினால், காற்றை மறிப்பது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். சிறு பறவைகள் தப்பாமலிருக்கக் கண்ணியைப் பாதியாகச் சுருக்கினால் இது 30 விழுக்காட்டை நெருங்கும். காற்றின் சுமையும் இரு மடங்காகும். எந்தப் பறவையை வைப்பது என்பதும், எவ்வளவு வலிமையான தூண் நடுவது என்பதும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தவை.

வாயிலில் இரண்டு கதவுகள் இருப்பதையும் கவனியுங்கள். முதற்கதவு மூடிய பின்னரே இரண்டாம் கதவைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு அறையைச் சில இடங்களில் இருட்டாக வைத்திருப்பார்கள். வெளிச்சத்திலுள்ள பறவை இருட்டை நோக்கிப் பறக்கத் தயங்கும். இருளே அங்கு மூன்றாவது கதவாகிறது.

எப்போது போவது?

காலையில் செல்லுங்கள். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயில் ஏறியதும் அவை வாயைத் திறந்து மூச்சிரைக்கும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் தொண்டைத் தோலைப் படபடவென அசைக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆனால் சென்னை, சிங்கப்பூர் போன்ற நகரங்களில் காற்று ஏற்கெனவே ஈரம் மிகுந்தது, அதனால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கிறது. பறத்தலோ உடல் வெப்பத்தைப் பெருக்கும் வேலை. ஆகவே நண்பகலில் பறவைகள் நிழலில் அசையாமல் அமர்ந்துவிடுகின்றன. மரநிழல் போதாத பறவையகம், எவ்வளவு பெரிதாயினும், குறையுடையதே.

காலைச் சாய்வொளியில் நிறங்களையும் ஆராயலாம். மயிலின் நீலம் நாம் நிற்கும் கோணம் மாற மாற மாறும். பனங்காடையின் சிறகிலுள்ள நீலம் அவ்வளவாக மாறாது. இரண்டிலும் நீலச் சாயம் இல்லை. இறகினுள் இருக்கும் நுண்ணிய அமைப்புகள் ஒளியைச் சிதறச் செய்வதாலும், ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதாலும் அந்நிறங்கள் தோன்றுகின்றன. சர் சி.வி. இராமன் பனங்காடையின் இறகுகளை ஆராய்ந்து, பறவைகளின் நிறத் தோற்றம் பற்றி 1934இல் கட்டுரை வெளியிட்டார். கூண்டின் முன் ஒரே இடத்தில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது. பறவையைச் சுற்றி நடந்து பார்ப்பவருக்கே புலப்படும்.

வலையில்லாத பறவையகம்

பறவையகத்தால் பறவைகளுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பர். பயன் உண்டு. சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மறைந்துபோன ஓர் இருவாச்சி இனம், 1990களில் மீண்டும் அங்கே காணப்பட்டது. அவை கூடுகட்டப் போதிய பெரிய மரப்பொந்துகள் இல்லை. ஜூரோங் பூங்காவினரும் மற்றவர்களும் சேர்ந்து செயற்கைக் கூட்டுப் பெட்டிகள் அமைத்தனர். இன்று நகரத் தோட்டங்களிலும் அவ்விருவாச்சிகள் பறக்கின்றன. வலைக்குள் கற்ற அறிவு வலைக்கு வெளியே பயன்பட்டதற்கு இது நல்ல சான்று.

நம்மிடம் உள்ளவை வலையில்லாப் பறவையகங்கள். வேடந்தாங்கல் உலகறிந்தது. ஆனால் திருநின்றவூர் ஏரி போன்ற ஊர் ஏரிகளும் அவ்வாறானவையே. கொக்கும் நீர்க்காகமும் நாமக்கோழியும் பார்க்க நாம் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. நாமக்கோழி நீரின் மேல் ஓடி ஓடி வேகம் பெற்று எழும்புவதைப் பாருங்கள். மேலே நாம் போட்ட கணக்கு உங்கள் கண்முன் நடக்கும்.

இவ்வேரிகளுக்கு நேரும் ஆபத்து குப்பையும் கழிவுநீரும் மட்டுமல்ல. ஏரியை 'அழகுபடுத்தும்' முறையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 30 சென்டிமீட்டர் நீளக் கால்களையுடைய பறவை அந்த ஆழம் வரையே நடந்து இரை தேட முடியும். கரை 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற மென்சரிவில் இறங்கினால், அத்தகைய ஆழமற்ற நீர் 15 மீட்டர் அகலத்துக்குக் கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் கரையில் அது 15,000 சதுர மீட்டர், அதாவது நாலு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதே கரையை ஆழமாக வெட்டி 45 பாகைச் சரிவில் கல் பதித்து, மேலே நடைபாதை போட்டால், அகலம் 30 சென்டிமீட்டர்தான். மொத்தம் 300 சதுர மீட்டர். பறவையின் உணவு மேசை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஏரியின் பரப்பு குறையவில்லை, நீரும் குறையவில்லை. ஆனால் கொக்குகள் வருவதில்லை. காரணம் புரியாமல் நாம் வியக்கிறோம்.

அருகேயுள்ள ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பறவைகளுக்கென நீரின் நடுவே திட்டுகளும் அமைக்கப்பட்டன. மற்ற ஏரிகளைச் சீரமைக்கும் காலத்தில், மக்களுக்கு நடைபாதை வேண்டும் என்று கேட்பவர்கள், ஒரு பக்கக் கரையையாவது மென்சரிவாக விட வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாணவர்களே, இதை நீங்களே அளந்து பார்க்கலாம். கோடையில் நீர் வற்றிய கரையில் ஒரு நீண்ட கயிறும், மூங்கில் கழியும், நீர்மட்டக் குழாயும் இருந்தால் சரிவைக் கண்டுவிடலாம். மழைக்காலத்துக்குப் பின் அதே இடத்தில் காலை வேளைகளில் பறவைகளை எண்ணுங்கள். சரிவு மிகுந்த கரையில் எத்தனை, குறைந்த கரையில் எத்தனை என்று இரு பத்திகளாகக் குறித்து வையுங்கள். நான்கு வாரக் குறிப்பு ஊராட்சியிலும் நகராட்சியிலும் பேசுவதற்குப் போதிய ஆதாரம் ஆகும்.