கடைசி வாங்கிலிருந்து தொடங்கிய பாடசாலை

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கோ பேராதனைக்கோ பஸ்ஸில் போகும்போது வீதியோரப் பெயர்ப்பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். ஏதோவொரு 'மொண்டிசோரி' கண்ணில் படும். நம் நாட்டில் முன்பள்ளிக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் தமது பணியைக் கெட்டிக்காரப் பிள்ளைகளோடு தொடங்கவில்லை. 'இதுகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடுதான் தொடங்கினார். ஊரையும் காணியையும் இழந்து, பிள்ளைகளின் படிப்பையே முதலாக நம்பியிருக்கும் குடும்பங்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

ரோமில் நடந்தது

1870 இல் இத்தாலியில் பிறந்த அவர் 1896 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். ரோம் நகர மனநோய் விடுதிகளில், புத்தி குறைந்தவர்கள் எனப்பட்ட சிறுவர்கள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்ற முடிவுக்கு வந்தார். 1900 இல் இத்தகைய பிள்ளைகளுக்கென ரோமில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டபோது, மொன்டெசானோ என்ற வைத்தியரோடு சேர்ந்து அதன் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் தொட்டுத் தடவிப் பழக மரத்தால் எழுத்துகள் செய்வித்தார். அவர்களுள் சிலர் எழுத வாசிக்கக் கற்று, சாதாரண பாடசாலைப் பிள்ளைகளுக்குரிய பரீட்சையிலும் சித்தியடைந்தனர். பலரும் வியந்தார்கள். அம்மையாரோ, இவர்களால் இவ்வளவு முடியுமென்றால் மற்றப் பிள்ளைகளை நமது பாடசாலைகள் எவ்வளவு தடுத்து வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி, சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவரது 'சிறுவர் இல்லம்' தொடங்கியது. பெற்றோர் வேலைக்குப் போன பின் கவனிப்பாரின்றித் திரிந்து, சுவர்களையும் படிகளையும் பழுதாக்கிய பிள்ளைகளே அங்கு வந்தார்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பயன்படுத்திய முறையே இவர்களுக்கும் பலன் தந்தது.

இடம்பெயர்வும் அவருக்குப் புதிதல்ல. 1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரினால் பார்சிலோனாவை விட்டு வெளியேறினார். 1939 இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவரது நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

ஒரே வாங்கு, வேறு வேறு காரணம்

ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் இடம்பெயர்ந்து இரண்டு வருடப் படிப்பை இழந்தவன். அடுத்தவள் நன்றாகக் கதைப்பாள், கதை சொன்னால் விளங்கிக்கொள்வாள். ஆனால் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எழுத்துகள் அவளுக்குக் குழம்பும். இது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடாக இருக்கலாம். மூன்றாமவனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வெளிப்பார்வைக்கு மூவரும் 'மக்கு'. அடித்தாலும் வகுப்பில் மறித்து வைத்தாலும் மூவருக்கும் பயனில்லை.

ஓட்டிசம் உள்ள பிள்ளை இரைச்சலும் திடீர் மாற்றமும் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தலாம். மண்சரிவையோ யுத்தத்தையோ கண்டு பயந்த பிள்ளையும் சத்தம் கேட்டால் அப்படிச் செய்யலாம். இரண்டையும் குழப்பம் என்று தண்டிப்பது எளிது. பிரித்தறிவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

பயிர் வாடினால் விவசாயி பயிரைத் திட்டுவதில்லை. மண்ணைப் பார்க்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான், வேரைக் கிளறிப் பார்க்கிறான். நல்ல அதிபரும் அப்படியே. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, காலையில் சாப்பிட்டதா, இரவில் தூங்கியதா, இந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று முதலில் விசாரிக்கிறார். தாயை அழைத்துக் குறை சொல்லுமுன், அவளிடம் கேட்டு அறிகிறார். தமது ஆசிரியர்களுக்கும் அவ்வாறே பார்க்கப் பழக்குகிறார்.

பெற்றோர் செய்யக்கூடியவை

வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அக்குறையைக் காட்டி ஒரு பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 5 தொடக்கம் 16 வரை. ஆகவே பிள்ளையைச் சேர்க்கச் செல்லும்போது தயங்கி நிற்க வேண்டாம். நீங்கள் கேட்பது உதவியல்ல, உரிமை.

பிள்ளையின் பேச்சிலோ நடத்தையிலோ சந்தேகம் இருந்தால் குடும்பநல மருத்துவமாதிடம் சொல்லுங்கள். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. சில அரசாங்கப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. அருகில் எங்கே என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

வீட்டிலும் வழி உண்டு. ஏடு தொடக்கும்போது தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். அதை ஒரு நாளோடு விட்டுவிடாதீர்கள். எழுத்துக் குழம்பும் பிள்ளைக்கு மணலிலோ அரிசியிலோ தினமும் ஓர் எழுத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். கண்ணும் காதும் விரலும் ஒன்றாக வேலை செய்யும்போது எழுத்து மனதில் பதிவது எளிது. மொண்டிசோரி அம்மையாரும் பின்னாளில் மண்கடதாசியில் எழுத்துகளை வெட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார்.

ஒரு பாடசாலை நல்லதா என்று அறியப் பரீட்சைப் பெறுபேறுகளை மட்டும் பார்க்கிறோம். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும் கேளுங்கள்.