பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க... லினக்ஸ் போட்டுப் பாருங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். பல பழைய லேப்டாப்களில் அது இல்லை. அதற்காக, நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப்போடவா முடியும்?

உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என இலவச லினக்ஸில் ரகங்கள் ஏராளம். விண்டோஸ் பழகிய வீட்டுக்கு என் ஓட்டு 'லினக்ஸ் மின்ட்'டுக்குத்தான். மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ரேம் போதும். அதிலும் திணறினால், மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு இன்னும் லேசானது.

மின்ட் இணையதளத்தில் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். (பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்!) லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை, சவுண்டு, பிரின்டர் வேலை செய்கிறதா என்று ஒருநாள் இப்படியே ஓட்டிப் பாருங்கள்.

பிடித்திருந்தால் இன்ஸ்டால் செய்யலாம். ஆனால், 'எரேஸ் டிஸ்க்' என்று கேட்கும் திரையில் மட்டும் நிதானம். அதை ஓகே செய்தால் விண்டோஸோடு கல்யாண போட்டோ, குழந்தை முதல் அடி வைத்த வீடியோ எல்லாம் போய்விடும். முதலில் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். விண்டோஸும் வேண்டுமென்றால் 'இன்ஸ்டால் அலாங்சைடு'.

டேலி, போட்டோஷாப் இதில் நேரடியாக ஓடாது. பிழைப்பே அவற்றில்தான் என்பவர்கள் விண்டோஸை விட வேண்டாம். வேர்டு, எக்ஸெல் வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது.