புது லாரியா, பழைய லாரியா? ஒற்றை வண்டி உரிமையாளர் போட வேண்டிய கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் லாரிக்கு லோடு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கரும்பு மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குப் போகிறது. கடுக்காய், புளி, நெல், மக்காச்சோளம் எல்லாம் தனி. ஆனால் இதில் பாதி பருவத்து லோடு. அறுவடை முடிந்தால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். சொந்தமாக ஒரே ஒரு லாரி வாங்கி, தானே ஓட்டப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலையும் வட்டியும் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். புது லாரி 25 லட்சம் ரூபாய். கையிலிருந்து 5 லட்சம் போட்டு, 20 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 60 மாதத் தவணையில் வாங்கினால் மாத டியூ சுமார் 42,500 ரூபாய். பழைய லாரி 12 லட்சம். 4 லட்சம் கையிலிருந்து, மீதி 8 லட்சம் 15 சதவீத வட்டியில் 36 மாதம் என்றால் டியூ சுமார் 27,700 ரூபாய். பழைய வண்டிக்கு வட்டி கூடுதலாகவும் தவணைக் காலம் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

மாதம் 14,800 ரூபாய் மிச்சம்னு தோணும். ஒரு வருடத்துக்கு 1,77,600 ரூபாய். ஆனால் ஒரு இன்ஜின் வேலையும் ஒரு செட் டயரும் வந்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டம் வேறு. அந்தப் பக்கம் பார்த்தால், லோடு இல்லாத மாதத்திலும் புது வண்டிக்காரர் 42,500 கட்டியே ஆக வேண்டும். வண்டி நின்னாலும் டியூ நிக்காது. எனவே ஆலையிலோ கம்பெனியிலோ வருடம் முழுக்க ஓட்டம் உறுதியாகக் கிடைத்தால் புது வண்டி தாங்கும். பருவத்து லோடை மட்டும் நம்புகிறவருக்கு ஐந்தாறு வருட வண்டிதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

புது வண்டி பக்கம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பேச்சை வைத்துப் பழைய வண்டிக்கு விலை சொல்லும் புரோக்கரிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். புது வண்டியை சேஸிஸாக எடுத்தால் நாமக்கல் போன்ற இடங்களில் பாடி கட்டும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியில் வயதுதான் முக்கியம். எஃப்.சி. 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். இரண்டு அச்சு லாரிக்கு (நாம் சொல்லும் ஆறு சக்கர வண்டி) 12 ஆண்டு தாண்டினால் தேசிய பெர்மிட் கிடைக்காது. பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டு. பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் லோடு ஏற்ற நினைப்பவர் 9 வயது ஆறு சக்கர லாரியை வாங்கினால் மூன்றே வருடம்தான் அந்த ஓட்டம். மலைக்கும் ஆத்தூருக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பிரச்சினை இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.-6 வண்டி என்றால், சென்சார் கோளாறு பார்க்கத் தெரிந்த பட்டறை பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மலையில் ஓட்டப் போகிறவர் காலி வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, கொஞ்சம் லோடோடு வெள்ளிமலைச் சாலையில் ஏறி இறங்கிப் பாருங்கள். கிளட்ச் ஏற்றத்திலும் பிரேக் இறக்கத்திலும் உண்மையைச் சொல்லிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன், பரிவாஹன் இணையதளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ், அடமானப் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். அடமானம் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்ணே" என்று விற்பவர் சொன்னாலும் விடாதீர்கள். அவருக்கும் அது ஆபத்துதான்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மலையில் வாழும் பழங்குடியினரும் ஆதிதிராவிடரும் கடன் வாங்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். இதில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. வங்கிக் கடனோடு சேர்ந்த மானியத் திட்டங்கள் பொதுவாகப் புது வண்டிக்கான விலைப்புள்ளியையே கேட்கும். தகுதி இருப்பவர் மேலே போட்ட கணக்கில் இந்த மானியத்தைக் கழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்; விடை மாறலாம்.

பழைய வண்டி வாங்குபவர் இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.