கடனீரேரி மீனும் வயல் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் அதன் தெற்கிலுள்ள பெருநிலத்துக்கும் மேற்கிலுள்ள தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்பிற் கிடப்பது யாழ்ப்பாணக் கடனீரேரி. ஆழங் குறைந்தது; வற்றுக்காலத்திற் பல இடங்களில் ஆள் நடந்து செல்லலாம். எனினும் ஓரா, ஒட்டி, திரளி, மணலை, இறால், நீலக்கால் நண்டு எனப் பலவகை உயிர்கள் இங்கு பிடிபடுகின்றன. பெரிய வள்ளமில்லாத சிறு மீனவர் சிறகுவலையும் வீச்சுவலையுங் கொண்டு பிழைப்பது இவற்றாலேயே.

ஆழங் குறைந்திருப்பதே இவ்வளத்துக்குக் காரணமாகும். வெயில் அடிநிலம் வரை எட்டுவதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கின்றது. கமக்காரருக்கு விளங்கச் சொல்வதாயின், இது கடலின் நாற்றுமேடை. இறால் வெளிக்கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடனீரேரியுட் புகுந்து, புல்லிடையே மறைந்து வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்பும். ஓரா புல்லையும் பாசியையும் மேயும். (அதன் முள் குத்தினால் எவ்வளவு கடுக்குமென்பதை மீன் வெட்டுவோர் நன்கறிவர்.) திரளியோ சேற்றிலுள்ள மக்கிய பொருள்களை உண்ணும். இரை வேறுபடுவதால் ஓரிடத்திலேயே பல இனங்கள் வாழ முடிகின்றது.

அடிநிலத்தை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழில் இந்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. ஆனால் புல்லுக்கு வருங் கேடு கடற்பக்கத்திலிருந்து மாத்திரம் வருவதன்று. மாரி மழையில் வழுக்கியாறு வயல்நீரைத் திரட்டி அராலிப் பக்கமாகக் கடனீரேரியிற் சேர்க்கின்றது. தோட்டங்களில் மிஞ்சிய பசளையோ சுண்ணக்கற் பாறையினூடாக நிலத்தடி நீரிற் கலக்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடனீரேரியைச் சேரும் பசளை பாசியைப் பெருக்கும். பாசி வெயிலை மறைக்கப் புல் அழியும்.

பூச்சிநாசினியின் கேடு இன்னும் நேரானது. இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள். ஆதலின் பூச்சியைக் கொல்லும் மருந்து மிகச் சிறிதளவிலும் இறாற்குஞ்சைக் கொல்லவல்லது.

மழைக்குறி தோன்றும் நாளில் மருந்து தெளித்தலும் யூரியா இடுதலும் தகா. மழையோடு போவது கமக்காரரின் பணமுமாகும். யூரியாவை ஒரேதரத்திற் கொட்டாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்திடுக. தெளிகருவியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவலாகாது; கழுவிய நீரை மருந்து தெளித்த பயிரின் மேலேயே விசிறிவிடல் வேண்டும்.