பொழுது சாய்ந்ததும் கிளம்பும் குமிழிகள்

தூத்துக்குடி தெரேஸ்புரத்து வள்ளக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ராத்திரி எட்டு மணிக்கு மேலே சில நாள் ஜிபிஎஸ் தடுமாறுது. கடையில காட்டினா கோளாறே இல்லைங்கிறாங்க." கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். கோளாறு வானத்தில்.

பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் முதல் ராக்கெட் விட்டதும் இதனால்தான். பகல் வெயிலில் உண்டாகும் அயனி மண்டலம், பொழுது சாய்ந்ததும் அடியிலிருந்து கலையத் தொடங்கும். கீழே காற்று அடர்த்தி அதிகம், எலக்ட்ரான்கள் சீக்கிரம் அயனிகளோடு சேர்ந்துவிடும். மேலடுக்கு அப்படியே நிற்கும். ஆக, கனத்தது மேலே, லேசானது கீழே. அண்டாத் தண்ணீருக்குள் சொம்பைக் கவிழ்த்து அமிழ்த்தி, லேசாகச் சாய்த்து விளையாடியிருக்கிறேன். குபுக்கென்று காற்று மேலே வரும். மின்துகள்கள் குறைந்த பிளாஸ்மா குமிழியும் அப்படித்தான் கிளம்புகிறது. ஆனால் உருண்டை அல்ல. காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கு தெற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும். சில இரவுகளில் 1,000 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். அதன் வழியே வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை நடுங்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், தொல்லை அதிகம்.

இதை நேரில் போய்ப் பார்க்கச் செயற்கைக்கோள்கள் உண்டு. 1994 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் ஸ்ராஸ்-சி2 அயனி மண்டலத்துக்குள்ளேயே சுற்றி, மின்துகள்களின் அடர்த்தியையும் வெப்பத்தையும் அளந்தது. எனக்குப் பிடித்தது, அமெரிக்காவும் தைவானும் 2019இல் அனுப்பிய காஸ்மிக்-2. ஆறு செயற்கைக்கோள்கள், நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுபவை. அவை கேட்பது வள்ளத்துக் கருவி கேட்கும் அதே ஜிபிஎஸ் சமிக்ஞையைத்தான்! வளிமண்டலத்தைத் துளைத்து வருகையில் அது எவ்வளவு வளைந்தது, எங்கே நடுங்கியது என்று குறித்துக்கொள்கின்றன. தெரேஸ்புரத்தில் தலைவலி கொடுக்கும் நடுக்கம், அங்கே தரவு.

வானத்தை அளக்கும் வேலை நம் பக்கத்திலும் உண்டு. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதை ஊரே பேசியது. சந்தோஷம். ஆனால் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 80 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்துக் காற்றை அளக்கும் ரேடார் 1992இலேயே வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏவுவதைக் கைதட்டிப் பார்க்கிறோம், அளப்பதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் ஒருநாள் அந்தப் பக்கமும் திரும்பலாம்.

வள்ளக்காரருக்கு: இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி, அயனி மண்டலத்தால் வரும் தாமதத்தைக் கழித்துவிடும். குமிழி சமிக்ஞையையே அறுத்தால் அதுவும் உதவாது. திசைகாட்டியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். கரை தெரியும் தூரத்தில் முயல்தீவுக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வாருங்கள்.